நான்கு மணி நேரம் பிறந்த கதை

"சென்னைக்கு எவ்வளவு நேரம்?" என்று கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் யாரைக் கேட்டாலும் "நாலு மணி நேரம்" என்று பட்டென்று பதில் வரும். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கோலாலம்பூரின் சிப்பாங் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து புறப்பட்டால் அறுபது கிலோமீட்டர் கூடும், நேரம் கிட்டத்தட்ட அதேதான். இந்தத் தூரம் ராஜேந்திர சோழன் காலத்திலும் இவ்வளவுதான். அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் வயது மிகக் குறைவு. அதிலும் கிள்ளானில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அது கைக்கு எட்டியது நேற்று என்றே சொல்லலாம். அது எப்படிப் பிறந்தது, யார் யாருக்கு எப்போது கிடைத்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் வழியைப் பார்ப்போம். சென்னையையும் கோலாலம்பூரையும் உருண்டை உலகின் மேல் மிகக் குறுகிய கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, பெரிய நிக்கோபார் தீவின் தென்முனைக்கும் சுமத்ராவின் வடமுனையான ஆச்சேவுக்கும் நடுவே நுழைகிறது. பிறகு மலாக்கா நீரிணையின் மேலாக இறங்கி சிலாங்கூருக்கு வருகிறது. இரவு விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள சிறு திரையில் வரைபடம் ஓடினால் கவனியுங்கள். பாதி வழி தாண்டிய பிறகு இரண்டு நிலத்துண்டுகளுக்கு இடையே விமானத்தின் சின்னப் படம் ஊர்ந்து போகும். அங்கேதான் கப்பல்களும் போயின. பாய்மரக் காலத்து வணிகர்களும் அந்த இடைவெளியைத்தான் தேடி வந்தார்கள். ராஜேந்திரன் 1025 வாக்கில் அனுப்பிய கடற்படை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் நக்கவாரமும் இலாமுரிதேசமும் கடாரமும் இருக்கின்றன. நக்கவாரம் என்பது நிக்கோபார், இலாமுரி ஆச்சேப் பக்கம், கடாரம் நம் கெடா. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பட்டியலை இன்றைய விமானப் பாதையின் மேல் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

பாய்மரக் காலத்தில் பயண நேரத்தைக் கணக்கிட்டது கடிகாரம் இல்லை, பருவக்காற்று. தென்மேற்குக் காற்று பிடித்தால் சோழ மண்டலக் கரையிலிருந்து கிழக்கே போகலாம். திரும்பி வர வடகிழக்குக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். போய் வர ஓர் ஆண்டு. காத்திருந்த மாதங்களில்தான் கடாரத்துக் கரையில் கோயில் எழுந்தது, குடும்பமும் உண்டானது.

விமானத்துக்கும் காற்றுக் கணக்கு உண்டு, ஆனால் தலைகீழாக. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் மட்டத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசும்போது, அதற்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மேலே ஒரு பெரிய காற்றோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோட்டேஸ்வரம் 1958-இல் இதை விவரித்து உலகுக்கு எழுதினார். ஆகவே சோழர் மரக்கலத்தை உந்தித் தள்ளிய அதே பருவத்தில், கோலாலம்பூர் வரும் விமானம் எதிர்க்காற்றில் முட்டிக்கொண்டு வருகிறது. சென்னை திரும்பும் விமானத்துக்கு முதுகில் காற்று. போக்கும் வரத்தும் கால் மணி, இருபது நிமிடம் வித்தியாசப்படுவது இதனால்தான்.

நீராவிக் கப்பல் வந்ததும் காற்றின் கட்டு அறுந்தது. பயணம் ஆண்டுக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்கு இறங்கியது. நம் பாட்டன் பூட்டன் வந்தது அந்தக் கணக்கில்தான். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அரசு ஏற்படுத்தியது. தோட்ட முதலாளிகளிடம் ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கட்டணம் இல்லாமல் கூலிகளை ஏற்றி வந்தார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருவார். 1910 வாக்கில் ரப்பர் விலை வானத்துக்கு ஏற, அந்தக் கப்பல்கள் நிரம்பி வழிந்தன.

அந்தக் கப்பல்களில் எல்லார் வாயிலும் நிலைத்த பெயர் ரஜுலா. 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக ஓடியது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, கிள்ளான் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல் வேகம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஐந்து நாள். கிள்ளான் பக்கம் இறங்க வேண்டியவர்களுக்கு இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ. சென்னையில் ஏறியவர்களுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். டெக்கில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. அந்த எண்ணை ஒரு நொடி நின்று யோசியுங்கள். இன்று திருச்சிக்குப் பறக்கும் ஏர்பஸ் ஏ320 ஒன்றில் 180 பேர். அப்படி இருபத்தெட்டு விமானத்தின் ஆட்கள் ஒரே கப்பலில்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், ஆடும் படகிலிருந்து ஆடும் ஏணிக்கு மாற வேண்டும். டெக் டிக்கெட்காரருக்கு அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாயை விரித்த இடம்தான் வீடு. தலைமாட்டில் தகரப் பெட்டி, அதன் மேல் கை. எஞ்சின் சூடு கீழிருந்து, வெயில் மேலிருந்து. இரண்டாம் நாளே வாந்தி மணமும் சமையல் மணமும் உப்புக் காற்றும் ஒன்றாகக் கலந்துவிடும். பெண்கள் சேலையைக் கயிற்றில் கட்டி மறைப்பு உண்டாக்கிக்கொள்வார்கள். முதல் வகுப்பில் வந்தவர்களுக்கு அதே கடல் வேறு விதமாகத் தெரிந்திருக்கும். பெரியார் 1929 டிசம்பரில் நாகம்மையாருடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறித்தான் பினாங்கில் வந்து இறங்கினார். கூலியும் வட்டிக்கடைக்காரரும் பேச்சாளரும் ஒரே கப்பலில் வந்த காலம் அது. தளம் மட்டும் வேறு.

இறங்கியவுடன் ஊருக்குள் போக முடியாது. அம்மை, காலரா பயத்தில் பினாங்கின் ஜெரெஜாக் தீவு போன்ற நோய்த்தடுப்பு முகாம்களில் அடைத்து வைத்து, ஊசி குத்தி, பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்கள் ரயிலேறினார்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கத்து புக்கிட் குடாவுக்கு 1886-இல் போட்ட தண்டவாளம், பின்னர் துறைமுகம் வரை நீண்டிருந்தது. அந்த ரயிலுக்கு உழைத்தவர்கள் குடியிருந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகளும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகளும் அக்கம் பக்கமாக வாழ்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் அங்கே நின்றது.

ஒரு வாரப் பயணம் என்று எழுதுவது எளிது. அது குடும்பங்களுக்கு என்ன செய்தது என்பதுதான் விஷயம். கப்பல் தினமும் கிடையாது. ஊரில் தகப்பன் இறந்தால் தந்தி வரும். தந்தி கையில் கிடைத்த அன்றே துறைமுகத்தில் கப்பல் நின்றாலும் முகம் பார்க்க முடியாது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிய கொடுப்பினை. பெரும்பாலானவர்கள் அதற்கும் போகவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் ஓரத்தில் தலைமுழுகிவிட்டு மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்றார்கள். செட்டியார் பேட்டைகளில் வட்டிக்கடை ஏஜெண்டுகள் மூன்று ஆண்டுக் கணக்கில் வந்து போனார்கள். அவர்களுக்குத் திரும்பும் நாள் எழுதப்பட்டிருந்தது. கூலிக்கு எழுதப்படவில்லை.

திரும்பியவர்கள் பல நேரம் விரும்பித் திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1930-இல் ரப்பர் விலை விழுந்தபோது இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1938-இல் இந்திய அரசு கூலி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஜப்பானியர் ஆண்ட ஆண்டுகளில் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. ரஜுலாவின் ஜோடிக் கப்பல் ரோனா படைகளைச் சுமக்கப் போய் 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுக்கு இரையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள். ரஜுலா பிழைத்து வந்து மறுபடியும் நம் கரைகளுக்கு ஓடியது. பிறகு 1969. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று ஆனதும், சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். முப்பது நாற்பது வருடம் பால் மரம் வெட்டியவர்கள், இங்கேயே பிள்ளை பெற்றவர்கள், பார்த்தே அறியாத ஊருக்கு. அந்தக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகர்ந்தபோது எழுந்த அழுகையைப் பற்றிக் கிள்ளானில் மூத்தவர்கள் இன்றும் பேசுவார்கள். ஒரு வாரம் என்பது அன்று வாழ்நாள் முழுக்க என்று பொருள்பட்டது.

இதே ஆண்டுகளில் வானத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏர் இந்தியா இன்டர்நேஷனல் 1954-இல் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. 1960-இல் போயிங் 707 ஜெட்டுகள் அதன் கைக்கு வந்தன. நாலு மணி நேரத்தைத் தொழில்நுட்பத்தின் பக்கமிருந்து பெற்றெடுத்தது ஜெட் எஞ்சின்தான். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போகும் பழைய சுழல்விசிறி விமானத்துக்கு இந்தத் தூரம் ஒன்பது பத்து மணி நேர வேலை. மணிக்கு எண்ணூறைத் தாண்டும் ஜெட்டுக்கு மூன்றேகால் மணி. ஏறவும் இறங்கவும் தரையில் உருளவும் மீதி. ஜெட் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். சுங்கை பீசியில் இருந்த கோலாலம்பூரின் பழைய நிலையம் பெரிய ஜெட்டுகளுக்குப் போதவில்லை. 1965 ஆகஸ்ட் 30-இல் சுபாங் திறந்தது. அதன் ஓடுபாதை ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர், அன்று தென்கிழக்கு ஆசியாவிலேயே நீளமானது. எட்டு மாதம் கழித்து, 1966 ஏப்ரலில், தனிநாயகம் அடிகளின் உழைப்பால் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பல நாட்டு அறிஞர்களை ஒரு வாரத்துக்கு ஒரே ஊரில் சேர்க்க முடிந்ததில் ஜெட் காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனால் தோட்டத்துக்காரர் அப்போதும் டெக்கில்தான். விமான டிக்கெட் டாக்டருக்கும் வக்கீலுக்கும் வியாபாரிக்கும். 1973-இல் ரஜுலா ஓய்வு பெற்றது. இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றி, அடுத்த ஆண்டே உடைப்புக்கு அனுப்பியது. அதன் இடத்துக்குச் சிதம்பரம் வந்தது. 1966-இல் பிரான்சில் பாஸ்டர் என்ற பெயரில் கட்டப்பட்ட அழகான கப்பல். 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி எதிர்த்து நின்றது இதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியைத்தான். அந்தக் கம்பெனியின் ரஜுலா போன வழியில் சிதம்பரம் என்ற பெயரோடு ஒரு இந்தியக் கப்பல் ஓடியதை நினைத்தால் மனம் நிறைகிறது. 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. சிதம்பரம் மறுபடி பயணிகளை ஏற்றவில்லை. நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இருந்த கப்பல் வழி அத்தோடு அற்றுப்போனது.

அதன் பிறகு வழி என்றால் வானம் மட்டும்தான். கப்பலில் போயிருக்கக் கூடிய ஏழைக்கு வழியே இல்லாமல் போனது என்றும் இதைச் சொல்லலாம். 1985-க்கும் 2008-க்கும் இடையிலான அந்த இருபத்து மூன்று ஆண்டுகளை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. அந்தக் காலத்தில்தான் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறின. தோட்டத்துப் பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். ஊர்த் தொடர்பு அறுந்ததும் அப்போதுதான். கடிதம் எழுதிய தலைமுறை மறைந்தது. அத்தை மகன் பெயர் மறந்தது. பலர் வீட்டில் ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியது: முசிறி, லால்குடி, துறையூர், நாமக்கல், ஆத்தூர்.

பெயர்களைக் கவனியுங்கள். மலாயாவுக்கு வந்த தமிழர்களில் பெரும்பகுதி திருச்சி, தஞ்சாவூர், சேலம், தென்னாற்காடு, வடஆற்காடு பக்கத்து ஆட்கள். சென்னைக்காரர்கள் குறைவு. விமானம் சென்னையில் நாலு மணி நேரத்தில் இறக்கிவிட்டது உண்மைதான். அங்கிருந்து எழும்பூர் போய், இரவு ரயிலோ பஸ்ஸோ பிடித்து, விடிந்து திருச்சியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் கிராமத்துக்குப் போனால் கணக்கு ஒரு முழு நாள். கைக்குழந்தையும் கிழவியும் பெட்டிகளும் உள்ள குடும்பத்துக்கு அது இன்னும் நீளும். டிக்கெட்டில் அச்சடித்த நேரமும் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கான நேரமும் வேறு வேறு.

இதற்கிடையே மலேசியப் பக்கம் ஒரு மாற்றம் நடந்தது. 1998 ஜூன் கடைசியில் விமான நிலையம் சுபாங்கிலிருந்து சிப்பாங்குக்குப் போனது. நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் என்று எல்லாரும் அலுத்துக்கொண்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் பெட்டிகளைச் சேர்த்துப் பிரித்த பழைய யார்டு இருந்த நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறந்தது. அடுத்த ஆண்டு அங்கிருந்து விமான நிலையத்துக்கு விரைவு ரயில்: 57 கிலோமீட்டர், அரை மணி நேரத்துக்குள். துறைமுகத்திலிருந்து கப்பல் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்த ரயில்வேயின் அதே மண்ணிலிருந்து, இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் விமானம் ஏறப் போகிறார்கள்.

2001 கடைசியில் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியாவை டோனி பெர்னாண்டஸும் கூட்டாளிகளும் ஒரு வெள்ளிக்கு வாங்கினார்கள், கடனையும் சேர்த்து. மலிவு விமானம் என்பது மலேசியாவில் அப்படித்தான் தொடங்கியது. அந்த நிறுவனம் இந்தியாவுக்குப் பறக்க முடிவெடுத்தபோது முதலில் தேர்ந்தது டெல்லியையோ மும்பையையோ சென்னையையோ அல்ல. திருச்சியை. 2008 டிசம்பரில் கோலாலம்பூர்–திருச்சி நேரடிச் சேவை தொடங்கியது. சிப்பாங்கில் எல்.சி.சி.டி. என்ற அந்தத் தாழ்வான மலிவுக் கட்டண முனையத்தை நினைவிருக்கிறவர்களுக்கு அந்தக் காட்சியும் நினைவிருக்கும். விமானத்துக்கு வெயிலிலும் மழையிலும் நடந்தே போக வேண்டும். வரிசையில் வேட்டி கட்டிய தாத்தாக்கள், நைலான் கயிறு சுற்றிய அட்டைப் பெட்டிகள், பெட்டிக்குள் மைலோ டின்னும் கோடாலித் தைலமும். பெட்டியின் எடை கூடியவர்கள் கவுண்டர் ஓரத்தில் அதைப் பிரித்து, இரண்டு சட்டைக்கு மேல் மூன்றாவது சட்டையை மாட்டிக்கொள்வார்கள். முதன்முறை விமானம் ஏறுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ரஜுலாவில் சிறுபிள்ளையாக வந்து, திரும்பவே போகாதவர்களும் அந்த வரிசையில் நின்றிருப்பார்கள்.

அன்றிலிருந்து கணக்கு மாறியது. கிள்ளானிலிருந்து காரில் சிப்பாங் ஒரு மணி நேரம், காத்திருப்பு இரண்டு மூன்று மணி, பறப்பு நாலு, திருச்சியிலிருந்து முசிறிக்கோ லால்குடிக்கோ ஒரு மணி. காலையில் சாவுச் செய்தி வந்து, இருக்கையும் விசாவும் கையில் இருந்தால், மறுநாள் எடுப்பதற்குள் போய் முகம் பார்க்கலாம். நூறு ஆண்டாக இந்தக் கடலின் இரண்டு கரையிலும் ஏழைக்கு வாய்க்காதது இது. குலதெய்வம் தெரியாமல் இருந்த குடும்பங்கள் தேடிப் போய்க் கோயிலைக் கண்டுபிடித்தன. பெண் கொடுத்து எடுப்பது மறுபடி தொடங்கியது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம் என்று ஆனதும் எதிர்த்திசையிலும் கூட்டம் பெருகியது. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கே நேராகப் பறக்கத் தொடங்கியது, ரஜுலா முதலில் தொட்ட அதே ஊருக்கு.

கடிகார விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பறப்பவர்கள் இதில் குழம்புகிறார்கள். சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பினால் சிப்பாங்கில் இறங்கும்போது காலை ஐந்தரை. டிக்கெட்டைப் பார்த்தால் ஆறரை மணி நேரம் போலத் தோன்றும். இங்கிருந்து காலை 8 மணிக்குக் கிளம்பினால் அங்கே ஒன்பதரைக்கு இறங்கலாம், ஒன்றரை மணி நேரப் பயணம் போல. பறப்பது இரண்டிலும் நாலு மணிதான். நடுவில் இரண்டரை மணி நேர வித்தியாசம். முன்பு அது இரண்டு மணியாகத்தான் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது.

நாலு மணி நேரத்தின் பிறந்தநாள் எது என்று கேட்டால் ஜெட் வந்த ஆண்டைச் சொல்பவர்கள் உண்டு, சுபாங் திறந்த நாளைச் சொல்பவர்களும் உண்டு. டெக்கில் பாய் விரித்து வந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் சம்பளத்தில் டிக்கெட் வாங்கி, தங்கள் ஊர்ப்பக்கத்திலேயே போய் இறங்க முடிந்த நாளைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். அது 2008 டிசம்பர், திருச்சி.